ஜெயபாண்டியின் குரலுக்கு ஒரு குழாய்

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஜெயபாண்டி வேலை பார்க்கும் கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்கள், அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று விசாரிக்க வேண்டியிருந்ததில்லை. கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தும்போதே உள்ளேயிருந்து அவன் பேச்சு கேட்கும். முறுக்கும் மிக்சரும் பாக்கெட் போடுகிற இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் சின்னக் கம்பெனி அது. பைக்குள் சரக்கு எப்போது விழ வேண்டும், பையை எப்போது ஒட்ட வேண்டும், எப்போது வெட்ட வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லும் ப்ரோக்ராமை அவன் சி மொழியில் எழுதுவான். கை கீபோர்டில் ஓடும். வாய் பக்கத்து மேஜையில் இருக்கும். நேற்றுப் பெய்த மழை, திருமங்கலம் ரோட்டில் கவிழ்ந்த லாரி, மச்சினன் வாங்கிய மாடு என்று எதையும் ஆதியிலிருந்து சொன்னால்தான் அவனுக்குத் திருப்தி.

"மாப்ள, நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்த லாரிய நிமித்திக் கொண்டுபோயே விட்ருப்பாங்கடா," என்பார் ஃபோர்மேன் மலையாண்டி.

"இருங்கண்ணே, இனிமேத்தேன் விசயமே இருக்கு," என்பான் ஜெயபாண்டி.

செக்கானூரணிக்கு மேற்கே, ரோட்டை விட்டு உள்ளடங்கிய ஒரு கிராமம் அவனுக்கு. அப்பா சோணையும் அம்மா சின்னத்தாயும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போய் அவனைப் படிக்க வைத்தார்கள். பாலிடெக்னிக் முடித்துக் கப்பலூருக்கு வந்தபோது வயரிங் வேலைதான் கிடைத்தது. ப்ரோக்ராம் எழுதுகிற ஆள் திடீரென்று நின்றுவிட்ட ஒரு சமயம், "நான் பாக்குறேண்ணே" என்று தானாகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. கல்யாணம் ஆனது. மனைவி முத்துமீனா அதே தொழிற்பேட்டையில் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். திருநகரில் வாடகை வீடு. மகள் திவ்யா கல்லூரியில் படிக்கிறாள். அப்பா காலமான பிறகும் அம்மா ஊரைவிட்டு வர மறுத்துவிட்டாள். அவள் வளர்க்கிற ஆடுகளை யார் பார்ப்பது என்பது அவள் கேள்வி.

குரல் கம்மத் தொடங்கியபோது ஜெயபாண்டி அதைச் சளி என்றான். மிளகும் சுக்கும் குடித்தான். பீடியைக் குறைத்தான். பேச்சைக் குறைக்கவில்லை. கம்மல் கரகரப்பாகி, கரகரப்பு காற்றாகிப் போன பிறகுதான் முத்துமீனா அவனை இழுக்காத குறையாகப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கேமரா விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, கடைசியில் டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"புத்துநோய்தான். ஆனா பரவலை. குரல்வளைய முழுசா எடுத்துட்டா ஆளைக் காப்பாத்திரலாம். பேச்சு மட்டும் போயிரும்."

ஜெயபாண்டி ஏதோ கேட்க வாயைத் திறந்தான். அதற்குள் முத்துமீனா, "எடுத்துருங்க டாக்டர்," என்றாள்.

எடுத்தார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை போட்டு, இனி மூச்சு அந்த வழியாகத்தான் என்றார்கள். அப்புறம் கரண்ட் வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு. கழுத்துத் தோல் கறுத்து இறுகிப் போனது. மூக்கு வழியாகக் காற்று போகாததால் வாசனையும் போயிற்று. முத்துமீனா தலையில் வைத்திருக்கும் பிச்சிப்பூ அவனுக்கு வெறும் வெள்ளை நிறமானது. மாதங்கள் கழித்துப் பெரிய சோதனை ஒன்று செய்து, "கிளீனா இருக்கு, தைரியமா போங்க" என்று சொன்ன அன்று, முத்துமீனா கோரிப்பாளையத்தில் ஒரு ஓட்டலுக்குள் நேராக நுழைந்து பரோட்டாவும் சால்னாவும் சொன்னாள். அத்தனை மாதமாக அரை வயிறு சாப்பிட்டவள், அன்று தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. எதிரே உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்தபோதுதான் பிழைத்துவிட்டோம் என்பது ஜெயபாண்டிக்கு உறைத்தது.

பிழைத்தாயிற்று. ஆனால் பேச வேண்டுமே.

கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிர்ந்து பேச்சு தருகிற ஒரு கருவியை ஆஸ்பத்திரியில் கொடுத்துப் பார்த்தார்கள். இறுகிய கழுத்தில் அது வண்டுபோல் ரீங்கரித்ததே தவிர வார்த்தை பிரியவில்லை. செல்போனில் எழுதினால் படித்துக் காட்டுகிற செயலி ஒன்றைத் திவ்யா இறக்கிக் கொடுத்தாள். அதில் ஒரு பெண் குரல், செய்தி வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசும். டீக்கடையில் அவன் "டீ போடுங்கண்ணே" என்று தட்டினால், அது "டீ. போடுங். கண்ணே" என்றது. கடைக்காரர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது அவனுக்கு. மரியாதையாக, முதல் ஆளாக, அவனுக்கு டீ வந்தது. கம்பெனியிலும் அப்படித்தான். எல்லோரும் அவனிடம் மெதுவாக, சத்தமாக, சுருக்கமாகப் பேசினார்கள். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை எத்தனை தடவை எழுதிக் காட்டுவது? மலையாண்டிகூட லாரியைப் பற்றிக் கேட்பதில்லை.

அம்மா பாடுதான் ரொம்பச் சிக்கல். சின்னத்தாய்க்கு எழுத்து தெரியாது. போனில் கூப்பிடுவாள். அவன் எடுத்து, நகத்தால் போனைத் தட்டுவான். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை.

"சாப்டியாய்யா?"

டொக்.

"புண்ணு ஆறிருச்சா? வலிக்குதா?"

டொக் டொக்.

"ஆறலையா? வலிக்கலையா? எதுக்குய்யா ரெண்டு தட்டு?"

இப்படியே போகும். கடைசியில் அவள் அழுவாள். அந்த அழுகைக்கு எத்தனை தட்டு என்று அவனுக்குத் தெரியாது. முத்துமீனா போனை வாங்கிக்கொள்வாள்.

ஒருநாள் சாயங்காலம் முத்துமீனா தன் செல்போனில் இடம் நிறைந்துவிட்டது என்று பழைய மெசேஜ்களை அழித்துக்கொண்டிருந்தாள். விரல் தவறிப் பட்டதும் ஜெயபாண்டியின் குரல் கேட்டது.

"முத்துமீனா, கெளம்பிட்டேன். வார வழியில எதும் வாங்கணுமா? இந்தா, பஸ்சு வந்துருச்சு, வாரேன், வாரேன்."

நல்லாயிருந்த காலத்தில் அவன் ஒரு வரிகூடத் தட்டியதில்லை. தட்டுகிற நேரத்துக்கு ரெண்டு வார்த்தை பேசிவிடலாம் என்று எல்லாவற்றுக்கும் வாய்ஸ் மெசேஜ்தான். அதெல்லாம் அவள் போனில் இருந்தது. அவள் அழிப்பதை நிறுத்திவிட்டு, போனை அவன் கையில் கொடுத்தாள். ஜெயபாண்டி ஒவ்வொன்றாகக் கேட்டான். செத்தவன் பேச்சைக் கேட்பதுபோல் இருக்கும் என்று பயந்துதான் ஆரம்பித்தான். ஆனால் மூன்றாவது, நாலாவது மெசேஜில் அவன் மண்டைக்குள் ப்ரோக்ராம் எழுதுகிறவன் விழித்துக்கொண்டான். இதில் 'வாரேன்' இருக்கிறது. 'போறேன்' இருக்கிறது. 'இம்புட்டு' இருக்கிறது. வெட்டி வெட்டித் தனித்தனியாக எடுத்து வைத்தால்?

மறுநாளே எல்லோரிடமும் எழுதிக் காட்டிக் கேட்டான். மச்சினன் போன், தங்கை தங்கப்பொண்ணு போன், மலையாண்டி போன் எல்லாவற்றிலிருந்தும் மெசேஜ்கள் வந்தன. மலையாண்டிக்கு அனுப்பியவற்றில் ஒன்று, கவிழ்ந்த லாரி கதை முழுவதும். திவ்யா கல்லூரி விட்டு வந்ததும் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒலி அலையைத் திரையில் பார்த்து வார்த்தை வார்த்தையாக வெட்டி, பெயர் போட்டுச் சேமிப்பாள்.

"அப்பா, 'வாரேன்' மட்டும் எம்புட்டு இருக்கு தெரியுமா? கோவமா ஒண்ணு, அவசரமா ஒண்ணு, பொய்யா ஒண்ணு," என்றாள். "ஆனா 'மன்னிச்சிரு' ஒண்ணுகூட இல்லப்பா. நல்லாத் தேடிட்டேன்."

சமையலறையிலிருந்து முத்துமீனா, "இருந்தாத்தேன ஆத்தா கெடைக்கும்," என்றாள்.

இல்லாத வார்த்தைக்கு அந்தச் செய்தி வாசிக்கும் பெண் குரலையே வைத்துக்கொள்வது என்று முடிவானது. கம்பெனியில் முதலாளியிடம் கேட்டு, கழித்துப் போட்ட, லினக்ஸில் ஓடும் பழைய கையகலக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை வாங்கினான். மலையாண்டி அதற்கு ஒரு தகரப்பெட்டி அடித்து, பேட்டரியும் ஸ்பீக்கரும் வைத்து, தோளில் மாட்டிக்கொள்ளப் பட்டையும் கட்டிக் கொடுத்தார்.

இரண்டு ப்ரோக்ராம் எழுதினான் ஜெயபாண்டி. ஒன்று, சின்ன கீபோர்டில் அவன் தட்டுவதை வாங்கி, பிழை திருத்தி, ஒவ்வொரு வரியாக வெளியே சொல்லும். இன்னொன்று, வரியை வாங்கி, அதிலுள்ள வார்த்தைகளின் ஒலியைத் தேடி எடுத்து, வரிசையாக ஸ்பீக்கரில் போடும். தனித்தனியாக இரண்டையும் ஓட்டிப் பார்த்தான். முதலாவதில் என்டர் தட்டிய கணமே திரையில் வரி வந்து நின்றது. இரண்டாவதற்குக் கையால் ஒரு வார்த்தை கொடுத்தால் உடனே ஒலித்தது. 'இந்தா' என்று தன் குரலே பெட்டியிலிருந்து வந்தபோது சட்டென்று நிறுத்திவிட்டான். முழுதாக முடித்த பிறகுதான் வீட்டார் கேட்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

மிச்சமிருந்தது இரண்டையும் இணைப்பது. அதற்கு சி மொழியில் வழி உண்டு. பைப் என்று கேட்டால் லினக்ஸ் ஒரு குழாய் தரும். ஒரு முனையில் எழுதலாம், மறுமுனையில் படிக்கலாம். அடுத்து ஃபோர்க். ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம் அச்சு அசலாக இன்னொன்றைப் பெற்றுப்போடும். இப்போது தாயின் கையிலும் பிள்ளையின் கையிலும் குழாயின் இரண்டு முனைகளும் இருக்கும். எழுதப்போகிற தாய், படிக்கிற முனையை மூடிவிட வேண்டும். படிக்கப்போகிற பிள்ளை, எழுதுகிற முனையை மூடிவிட வேண்டும். பிள்ளை அதை மூட மறந்தால், தாய் பேசி முடித்துப் போன பிறகும், இன்னும் யாரோ பேசப்போகிறார்கள் என்று வெறும் குழாயைப் பார்த்துக் காத்துக்கொண்டே இருக்கும். இதெல்லாம் ஜெயபாண்டிக்குத் தெரியும். மூட வேண்டியதை மூடினான். தட்டுவதை வாங்குகிற முதல் ப்ரோக்ராம்தான் தாய்; அது திரையில் எழுதுவது குழாய்க்குள் போகும்படி மாற்றிக் கட்டினான். பிள்ளையைப் பேசுகிற ப்ரோக்ராமாக மாற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. முத்துமீனா அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். திவ்யா மாடியில் துணி காயப்போடப் போயிருந்தாள். ஜெயபாண்டி பெட்டியை மடியில் வைத்து, "முத்துமீனா" என்று தட்டி என்டர் அடித்தான்.

சத்தமே இல்லை.

"முத்துமீனா, இங்க வா" என்று தட்டினான். ஒன்றுமில்லை. "வாரியா இல்லையா" என்று தட்டினான். ஸ்பீக்கர் வயரை அசைத்துப் பார்த்தான். சத்தத்தை முழுவதும் ஏற்றினான். "எனக்குத் தோசை வேணும்" என்று தட்டினான். பெட்டி கல்லுப் பிள்ளையார்போல் இருந்தது. ப்ரோக்ராமைத் திறந்து வரிவரியாகப் பார்த்தான். குழாய் சரி, முனைகள் சரி. இரண்டு ப்ரோக்ராமும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. தாயும் தன்பாட்டுக்கு வாங்கி வாங்கி எழுதிக்கொண்டிருந்தது. நடுவில் எங்கே போகிறது வார்த்தை?

ஆத்திரம் வந்தது. கத்த முடியாதவனின் ஆத்திரம். கழுத்துத் துளை வழியாகப் புஸ்ஸென்று காற்று வந்தது, அவ்வளவுதான். வாயில் வந்ததையெல்லாம் கையால் தட்டினான். "எழவெடுத்த பெட்டி" என்றான். "நல்லா வருவ நீ" என்றான். "போங்கடா" என்றான். கடைசியில் சலித்துப்போய், கண்ட்ரோலையும் டி எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ப்ரோக்ராமை முடித்தான்.

அந்த நொடியில் பெட்டி வாயைத் திறந்தது.

"முத்துமீனா! முத்துமீனா, இங்க வா! வாரியா இல்லையா! எனக்குத் தோசை வேணும்! எழவெடுத்த பெட்டி! நல்லா வருவ நீ! போங்கடா!"

அத்தனையும் அவன் குரலில், உச்சபட்ச சத்தத்தில், மூச்சு விடாமல். நடுவில் 'எழவெடுத்த' என்பதை மட்டும் அந்தப் பெண் சுத்தமான உச்சரிப்பில் சொன்னாள். மாடியிலிருந்து திவ்யா ஈரத்துணியோடு இறங்கி ஓடி வந்தாள். பக்கத்து வீட்டுக் கனகா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "அக்கா, அண்ணனுக்குப் பேச்சு வந்துருச்சா?" என்று கத்தினாள். முத்துமீனா தோசைக் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். ஜெயபாண்டியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"எத்தன தடவ கூப்புடுவீக? இந்தா வாரேன்ல," என்றாள்.

பழைய பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று புரிந்து, கரண்டியைப் பிடித்தபடியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. உள்ளே தோசை தீய்ந்துகொண்டிருந்தது. அந்த நாற்றம் தெரியாதவன் ஜெயபாண்டி ஒருவன்தான். திவ்யா ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

ஜெயபாண்டி அப்போது வேறு உலகத்தில் இருந்தான். பயம் விட்டுப்போயிருந்தது. வார்த்தை எதுவும் தொலையவில்லை, அதுதான் முதலில் அவனுக்குத் தேறுதல் தந்தது. ஒன்றுகூடக் குறையாமல், தட்டிய வரிசையில், கடைசியில் வந்து சேர்ந்திருக்கின்றன. அப்படியானால் குழாயில் அடைப்பு கிடையாது. குழாய்க்குப் போகும் முன்பே எங்கோ சேர்ந்து கிடந்திருக்கின்றன. திரைக்கு எழுதியபோது உடனுக்குடன் வந்தது. குழாய்க்கு எழுதும்போது மட்டும் ஏன் தாமதம்?

கேள்வியை இப்படிக் கேட்டதும் பதில் வந்துவிட்டது. வெளியே எழுதுவதற்கு சி மொழி கொடுக்கிற வழக்கமான முறைக்கு ஒரு குணம் உண்டு. எதிரே திரை இருந்தால், மனிதன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று வரிக்கு வரி அனுப்பும். எதிரே குழாயோ கோப்போ இருந்தால், அவசரமில்லை என்று தன்னிடமுள்ள தற்காலிக இடத்தில் சேர்த்து வைக்கும். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வாசலில் நிற்கும் ஷேர் ஆட்டோ மாதிரிதான். ஆள் நிறையாமல் எடுக்காது. ப்ரோக்ராம் முடிகிறபோதுதான் ஏறியவர்கள் போதும் என்று கிளம்பும். அவன் தட்டிய ஏழு வரிக்கு அந்த இடம் எங்கே நிறையும்?

செய்ய வேண்டியது ஒரே ஒரு வரி. ஒவ்வொரு தடவை எழுதியதும், சேர்த்ததைக் கொட்டிவிடு என்கிற எஃப்-ஃப்ளஷ் கட்டளை. தட்டினான். மறுபடி ஓட்டினான். வாசற்படியில் இன்னும் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தபடி, நிதானமாகத் தட்டி, என்டர் அடித்தான்.

"முத்துமீனா," என்றது பெட்டி, அடித்த மாத்திரத்தில்.

"என்னங்க."

"இங்க வா."

வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை மாதமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த பேச்சு எவ்வளவோ. ஆனால் கை போனபோக்கில் தட்டியது, "தோசை வேணும்" என்றுதான். முத்துமீனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஊத்துறேன், ஊத்துறேன், கத்தாதீக," என்று எழுந்து போனாள். சத்தத்தைக் குறைக்க அவன் மறந்திருந்தான்.

அன்று மத்தியானம் அம்மாவுக்குப் போன் போட்டார்கள். திவ்யா ஸ்பீக்கரில் போட்டு, போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அம்மா, சாப்டியா?" என்றது பெட்டி.

மறுமுனையில் சின்னத்தாயின் குரல் நடுங்கி வந்தது. "ஏத்தா திவ்யா, பழசப் போட்டுக் காட்டுறீங்களா? எதுக்குத்தா இப்பிடிப் பண்றீக? எனக்குத் தாங்காதுத்தா."

"இல்ல அப்பத்தா, அப்பாதான் பேசுறாரு, இப்பத்தான்," என்றாள் திவ்யா.

"பொய் சொல்லாத. அவனுக்குத்தேன் எடுத்துட்டாகளே."

ஜெயபாண்டி வேகமாகத் தட்டினான். "பொய் இல்லம்மா. நாந்தேன்."

சின்னத்தாய் யோசித்தாள். லேசில் ஏமாறுகிறவள் இல்லை. "நீதேன்னா, காலையில முத்துமீனாட்டச் சொன்னேன்ல, நம்ம வீட்ல என்ன நடந்துச்சுன்னு? அதச் சொல்லு பாப்பம்."

முத்துமீனா காலையில் அதை அவனிடம் சொல்லியிருந்தாள். கறுப்பு ஆடு குட்டி போட்டிருந்தது. ஜெயபாண்டி தட்டினான். பெட்டி அவன் குரலில் "நம்ம" என்றது. அடுத்து அந்தப் பெண், "ஆடு" என்றாள். அவன் "மூணு" என்றான். அவள் "குட்டி" என்றாள். அவன் "போட்ருச்சு" என்றான். ஆட்டைப் பற்றி அவன் யாருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியதே இல்லை.

"எய்யா," என்றாள் சின்னத்தாய். "எய்யா, நீதேன். என் ராசா." விசும்பல். மூக்கை உறிஞ்சும் சத்தம். அதற்கப்புறம் குரல் திடீரென்று மாறியது. "ஆமா, நடுவுல நடுவுல பேசுறாளே, யாருடா அவ?"

திவ்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் போன் கீழே விழுந்தது. முத்துமீனா அதை எடுத்து, மாமியாருக்கு விளக்க முயன்று, தானும் சிரித்து, பாதியில் விட்டுவிட்டாள். அன்று சின்னத்தாய் வைக்கவே இல்லை. மூன்று குட்டியில் ஒன்று நோஞ்சான், அதற்குப் புட்டிப்பால் கொடுக்க வேண்டியிருக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டிருக்கிறான். ரேஷன் அரிசியில் இந்த மாதம் கல். ஒவ்வொன்றையும் அவளும் ஆதியிலிருந்துதான் சொன்னாள். ஜெயபாண்டி "ம்" போட்டான், "அப்பிடியா" போட்டான், "விடும்மா" போட்டான். 'ம்' மட்டும் பத்துவிதமாக வெட்டி வைத்திருந்தாள் திவ்யா. ஒரு கட்டத்தில் அவனுக்குக் கொட்டாவி வந்தது. அம்மா பேசும்போது கொட்டாவி விட்டு எவ்வளவு காலமாயிற்று!

திங்கட்கிழமை பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனான். எல்லோரும் சுற்றி நின்றார்கள். மலையாண்டி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "சரி மாப்ள, அந்த லாரி கதையச் சொல்லு," என்றார். சொன்னான். அதற்கான வார்த்தை ஒன்றுவிடாமல் இருந்தது. முன்பைவிடக் கூடுதல் நேரம் எடுத்தது. பாதியில் மலையாண்டி எழுந்து வேலைக்குப் போய்விட்டார். "எங்கண்ணே போறீக, இனிமேத்தேன் விசயமே இருக்கு" என்று பெட்டி அவர் பின்னாலேயே கூப்பிட்டது. அவர் திரும்பாமலே கையை ஆட்டினார். தொடக்கத்தில் சுற்றி நின்ற மற்றவர்களும் மெல்ல நழுவினார்கள். யாரும் இப்போது அவனிடம் மெதுவாகப் பேசவில்லை.

விஷயம் ஆஸ்பத்திரிக்கும் போனது. அடுத்த சோதனைக்குப் போனபோது டாக்டரம்மா பெட்டியை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். அவனைப் பேச வைத்துக் கேட்டார். பிறகு, "ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற ஒருத்தரை உங்ககிட்ட அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

அப்படி வீட்டுக்கு வந்தவர் பெயர் பேச்சிமுத்து. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் நின்று வியாபாரிகளைக் கூவி அழைக்கிற வேலை. பரந்த தோள், பெரிய மீசை. ஆனால் தொண்டை ஏற்கெனவே கரகரத்திருந்தது. ஆபரேஷன் தேதி கொடுத்துவிட்டார்களாம். மனைவி உடன் வந்திருந்தார். ஆள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்காண்ணே?" என்றது பெட்டி.

பேச்சிமுத்து நிமிர்ந்தார். பெட்டியையும் ஜெயபாண்டியின் கழுத்துத் துளையை மறைத்த துணியையும் மாறி மாறிப் பார்த்தார். "இது உங்க தொண்டையா தம்பி?"

"ஆமாண்ணே. எனக்குக் கெடைச்சத வெட்டி ஒட்டுனது. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கு. வேணுங்கிறத எல்லாம் பேசி வச்சிட்டுப் போங்க."

"என்ன பேச?"

"வீட்ல என்ன பேசுவீக, கடையில என்ன பேசுவீக, அம்புட்டையும்."

திவ்யா மைக்கை முன்னால் வைத்து, ஜன்னல்களைச் சாத்தினாள். பேச்சிமுத்து தண்ணீர் குடித்தார். முதலில் மனைவி பெயரைச் சொன்னார். பிள்ளைகள் பெயரைச் சொன்னார். சாப்பாடு, தண்ணி, மாத்திரை என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், திவ்யாவைப் பார்த்துத் தயங்கினார்.

"பாப்பா, நீ செத்த வெளிய போறியா? கடையில பேசுறதுல சிலது உம் முன்னாடி பேச முடியாது."

அவரது மனைவி தலையில் அடித்துக்கொண்டார். திவ்யா சிரித்துக்கொண்டே எழுந்து, அடுப்படியில் முத்துமீனாவோடு போய் நின்றாள். கதவைச் சாத்தினார்கள். கதவைத் தாண்டியும் கேட்டது. அதெல்லாம் முடிந்த பிறகு பேச்சிமுத்துவுக்கு வெட்கம் விட்டுப்போயிற்று. எழுந்து நின்றார். இடுப்பில் துண்டைக் கட்டினார். மல்லிக்கு ஒரு ராகம், முல்லைக்கு ஒரு ராகம், சம்பங்கிக்கு இன்னொன்று. கரகரத்த தொண்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எதிரே நூறு வியாபாரி நிற்பதுபோல் கூவினார்.

"மல்லேய்! மல்லி வந்துருக்கு, மல்லி! வாங்க அண்ணே, வாங்க அக்கா, கண்ணத் தொறந்து பாருங்க!"

கனகா வீட்டிலிருந்து, பூக்காரர் வந்திருக்கிறாரென்று நினைத்து, யாரோ வாசலுக்கு வந்து நின்றார்கள். ஜெயபாண்டி கையைத் தூக்கி, இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக என்று சைகை காட்டினான்.